இரண்டாயிரம் வருஷம் தண்ணி காட்டிய தண்ணீர்

உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் பழைய பதில்களில் ஒன்று, ‘தண்ணீர்’. சொன்னவர் மிலேட்டஸ் ஊர்க்காரர் தேலீஸ், கி.மு. ஆறாம் நூற்றாண்டு. கல், மண், மரம், மாடு, மனுஷன் எல்லாமே கடைசியில் தண்ணீர்தான் என்றார். இவரைப் பற்றிப் பிளேட்டோ ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவர் கிணற்றில் விழுந்துவிட்டார். வானத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறவருக்குக் காலடியில் இருப்பது தெரியவில்லையே என்று ஒரு வேலைக்காரப் பெண் சிரித்தாளாம். எல்லாம் தண்ணீர் என்றவரைத் தண்ணீர் நேரில் கூப்பிட்டு விசாரித்தது.

இனி வரப்போகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் இந்தக் கிணற்றில் விழுந்தவர்கள்தான். சமாச்சாரம் கைக்குள்ளேயே இருக்கும், பார்வை மட்டும் வேறெங்கோ இருக்கும்.

தேலீஸுக்குப் பிறகு சிசிலித் தீவில் எம்பெடக்ளீஸ் வந்தார். தண்ணீர் மட்டும் போதாது என்று நிலம், நெருப்பு, காற்று மூன்றையும் சேர்த்துக்கொண்டார். தான் தெய்வம் என்று ஊருக்குக் காட்ட எட்னா எரிமலைக்குள் குதித்தார், மலை அவருடைய வெண்கலச் செருப்பில் ஒன்றை வெளியே துப்பிக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று ஒரு கட்டுக்கதை உண்டு. அப்தேரா ஊரில் டெமாக்ரிட்டஸ் என்பவர், எதையும் வெட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெட்ட முடியாத பொடி மிஞ்சும், அதுதான் அணு, மற்றதெல்லாம் வெற்றிடம் என்றார். பிளேட்டோவுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. இவருடைய புத்தகங்களைத் திரட்டிக் கொளுத்திவிடலாம் என்று நினைத்தாராம். பிரதிகள் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்டன, இனிக் கொளுத்திப் பயனில்லை என்று நண்பர்கள் தடுத்ததாகப் பழைய குறிப்பு சொல்கிறது. அரிஸ்டாட்டில் நாலு பூதக் கட்சியில் சேர்ந்தார். அதோடு தேர்தல் முடிந்தது. அடுத்த இரண்டாயிரம் வருஷத்துக்கு ஐரோப்பாவில் எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை.

நம் பக்கம் மட்டும் சும்மா இருந்ததா என்ன? மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில், ஆண் துறவி வேடத்தில் வரும் மணிமேகலை ஒவ்வொரு சமயக்காரராகப் பிடித்து, உன் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறாள். ஆசீவகர் முறை வருகிறது. அவர் அணுவைப் பற்றி ஒரு பாடமே நடத்திவிடுகிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணு. அவை புதிதாகப் பிறப்பதில்லை, அழிவதும் இல்லை. ஒன்று இரண்டாகப் பிளக்காது. நீர் அணு நில அணுவாக மாறாது. சேர்ந்தால் மலை, பிரிந்தால் பழையபடி அணு. அதோடு விட்டாரா? ஒன்று, முக்கால், அரை, கால் என்ற கணக்கில்தான் கூடும், எது மிகுதியோ அதன் பெயரே பொருளுக்கு என்று அளவும் சொல்கிறார். தனி அணு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு அவர் தரும் விளக்கம் இன்றைய பாடப்புத்தகத்தில்கூட இல்லாத அழகு: அந்தி மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, கற்றையாக இருந்தால் தெரியும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட மணிமேகலை, இது தடுமாற்றப் பேச்சு என்று விட்டுவிட்டு, அடுத்து நின்ற நிகண்டவாதியிடம் போய்விட்டாள். அணுவைப் பற்றி நம் முன்னோர்கள் அப்போதே என்று மேடையில் ஆரம்பிப்பவர்கள் கதையின் இந்தப் பகுதிக்கு வரும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஆசீவகர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அவரிடம் தராசு இல்லை.

தராசைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பிரஸ்ஸல்ஸ் வைத்தியர் வான் ஹெல்மாண்ட். 200 ராத்தல் மண்ணை அடுப்பில் காயவைத்துத் தொட்டியில் போட்டார். 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தூசி விழாமலிருக்கத் தொட்டிக்குத் துளை போட்ட தகரமூடி. தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றவில்லை. ஐந்து வருஷம் கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 ராத்தலும் கொஞ்சமும். மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். ஆக, 164 ராத்தல் மரமும் தண்ணீரிலிருந்துதான் வந்தது, தேலீஸ் சொன்னதுதான் சரி என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

சோதனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தீர்ப்புதான் கிணற்றில் விழுந்தது. மரம் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைத் தின்று வளர்கிறது. அந்த வாயு உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் மனுஷனை மன்னிக்கலாம். ஆனால் 62 ராத்தல் கரியை எரித்து, 1 ராத்தல் சாம்பல்தான் மிஞ்சியது, மிச்சம் ஏதோ ஒரு ஆவியாகப் போய்விட்டது என்று எழுதியவரே இந்த ஹெல்மாண்ட்தான். ‘கேஸ்’ என்ற பெயரே அவர் வைத்ததுதான். கரி எரிந்தால் கேஸ் என்பது ஒரு பக்கத்தில், மரம் வளர்வது தண்ணீரால் என்பது இன்னொரு பக்கத்தில். இரண்டு பக்கத்தையும் சேர்த்து அவர் படிக்கவில்லை. அழுக்குச் சட்டையைக் கோதுமையோடு ஒரு பானையில் போட்டு 21 நாள் வைத்தால் எலி உண்டாகும் என்ற செய்முறையும் இதே கையெழுத்தில்தான் இருக்கிறது. அறிவு ஒரே ஆளுக்குள் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது, பக்கத்து அறையில் யார் என்று விசாரிக்காமல்.

தண்ணீரில் நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்று பேதம் பார்க்காதவர் ஒருவர் ஹாம்பர்க் நகரில் இருந்தார். ஹென்னிக் பிராண்ட். அவருக்குத் தங்கம் செய்ய வேண்டும். முதல் மனைவி கொண்டுவந்த சீதனம் அடுப்பில் போய்ச் சேர்ந்தது. அவள் காலமானதும் வசதியான ஒரு விதவையை மணந்தார். அந்தப் பணமும் அதே அடுப்புக்கு. தங்கம் மஞ்சள், சிறுநீரும் மஞ்சள், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்பதுதான் இவருடைய தர்க்கம். 1669இல் வாளி வாளியாகச் சிறுநீரைச் சேகரித்தார். சில நாள் அழுகவிட்டார். பிறகு பாகுபதம் வரும்வரை காய்ச்சினார். அந்தக் கரும்பசையை இன்னும் கடுமையாகச் சூடாக்கி, வந்த புகையைத் தண்ணீருக்குள் இறக்கினார். அக்கம்பக்கத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பது வரலாற்றில் பதிவாகவில்லை. அந்தத் தெருவில் வாடகை குறைவாக இருந்திருக்கும்.

தண்ணீருக்கடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று உறைந்தது. இருட்டில் தானாக மினுங்கியது. வெளியே எடுத்தால் குப்பென்று பற்றிக்கொண்டது. பாஸ்பரஸ். கண்டுபிடித்தவர் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய முதல் தனிமம் அதுதான். பிராண்டுக்கு அதில் பெரிய சந்தோஷமில்லை. தங்கம் எங்கே? ஆறு வருஷம் போல ரகசியத்தைப் பொத்திவைத்து அந்த வெளிச்சத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கிராஃப்ட் என்ற ஆசாமியிடம் செய்முறையை விற்றார். கிராஃப்ட் அதை அரண்மனை அரண்மனையாகக் கொண்டுபோய், விளக்கை அணைத்து வித்தை காட்டிக் காசு பார்த்தார். இதில் பெரிய வேடிக்கை, காய்ச்சும்போது உப்பு உப்பு என்று பிராண்ட் வழித்தெறிந்த பகுதியில்தான் பாஸ்பரஸ் அதிகம் இருந்தது.

பிராண்டுக்கு எட்டு வருஷம் முன்பே, 1661இல், லண்டனில் ராபர்ட் பாயில் ஒரு புத்தகம் போட்டு நாலு பூதத்தையும் கேள்வி கேட்டிருந்தார். எதற்கு மேல் பிரிக்க முடியாதோ அதுதான் தனிமம், பூதம் கீதமெல்லாம் அப்புறம் என்பது சாரம். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் தண்ணீரைப் பிரிக்க ஆளில்லை. அதற்குள் ஜெர்மனியிலிருந்து ஸ்டால் என்பவர் ‘ஃப்ளோஜிஸ்டன்’ என்ற ஒரு மாயப் பொருளை அவிழ்த்துவிட்டார். எரிகிற எல்லாவற்றிலும் அது இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது. வெளியேறினால் எடை குறையத்தானே வேண்டும், உலோகத்தை எரித்தால் எடை கூடுகிறதே என்று யாரோ கேட்டார்கள். அப்படியானால் ஃப்ளோஜிஸ்டனுக்கு எடை மைனஸில் இருக்கும் என்று சிலர் பதில் சொன்னார்கள். கொள்கையைக் காப்பாற்றக் கணக்கைப் பலி கொடுப்பது பழைய தொழில்.

இப்போது மேடைக்கு நாலு பேர் வருகிறார்கள். நாலு பேர் கையிலும் தண்ணீரின் ஒரு துண்டு இருந்தது.

முதலாமவர் ஹென்றி கேவண்டிஷ். இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், பெரும் கூச்சக்காரரும்கூட. பெண்கள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி ஹாலில் மேசைமேல் வைத்துவிடுவார். மாடிப்படியில் வேலைக்காரியை எதிர்கொள்ள நேர்ந்தது என்பதற்காகக் கொல்லைப்புறத்தில் தனிப் படிக்கட்டே கட்டிக்கொண்டார். இவர் 1766இல் உலோகத்தை அமிலத்தில் போட்டு, எரியும் காற்று ஒன்றைப் பிடித்தார். ஹைட்ரஜன். ஃப்ளோஜிஸ்டனே கையில் சிக்கிவிட்டது என்று நினைத்தார்.

இரண்டாமவர் ஜோசப் பிரீஸ்ட்லி, பாதிரியார். லீட்ஸ் நகரில் பீர் காய்ச்சும் ஆலைக்குப் பக்கத்து வீடு. அந்தப் பீப்பாய்களின் மேல் மிதந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துச் சோடா கண்டுபிடித்தவர். 1774 ஆகஸ்ட் 1 அன்று, சிவப்பான பாதரசப் பொடியைப் பெரிய பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சூடாக்கினார். வந்த காற்றில் மெழுகுவத்தி துள்ளி எரிந்தது, எலி வழக்கத்தைவிட அதிக நேரம் பிழைத்தது. தானும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, இதுவரை இந்தச் சுகத்தை அனுபவித்தது இரண்டு எலிகளும் நானும்தான் என்று எழுதினார். ஆக்ஸிஜன். அவர் வைத்த பெயர் ‘ஃப்ளோஜிஸ்டன் நீங்கிய காற்று’.

மூன்றாமவர் ஸ்வீடனின் கார்ல் ஷீலே, மருந்துக் கடைக்காரர். பிரீஸ்ட்லிக்கு முன்பே ஆக்ஸிஜனைப் பிடித்துவிட்டவர். ஆனால் புத்தகம் 1777இல்தான் வெளிவந்தது, முன்னுரைக்காகக் காத்திருந்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம். முன்னுரை எழுதித் தருகிறேன் என்று வாங்கிவைத்துக்கொள்ளும் பெரியவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஷீலேவுக்கு எதைச் செய்தாலும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம். ஹைட்ரஜன் சயனைடின் ருசியையும் குறித்துவைத்திருக்கிறார். 43 வயதில், படுத்த படுக்கையில், கடைக்குச் சொந்தக்காரியான விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

நாலாமவர் பாரிஸின் அந்த்வான் லவாய்சியே. புதிதாக எதையும் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்தவர் கண்டுபிடித்தது என்ன என்று அவருக்குத்தான் தெரியும். 1774 அக்டோபரில் பிரீஸ்ட்லி பாரிஸ் வந்து, இவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்து, பாதரசப் பொடியில் என்ன வந்தது என்று அப்பாவியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சபையே வியந்தது என்று பிற்பாடு அவரே எழுதினார். வியந்த முகங்களில் ஒன்று மறுநாளே பாதரசம் வாங்கக் கிளம்பும் என்று அவர் நினைக்கவில்லை. ஷீலேயும் அதே சமயத்தில் லவாய்சியேவுக்குக் கடிதம் போட்டு, வெள்ளிச் சேர்மத்தை இப்படிச் சூடாக்கிப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். பதில் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். லவாய்சியேவைத் திருடன் என்று சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. மற்ற மூன்று பேரும் காற்றைப் பார்த்தார்கள், இவர் தராசைப் பார்த்தார். வரி வசூல் கம்பெனியில் பங்குதாரர் அல்லவா? உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, நடுவில் அடித்தது யார் என்ற கணக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. எடை கூடுகிறதா, அப்படியானால் ஏதோ உள்ளே வந்திருக்கிறது, மைனஸ் எடை என்ற கதையெல்லாம் கணக்குப்பிள்ளையிடம் செல்லாது.

தண்ணீர் சிக்கியது இப்படித்தான். 1781 வாக்கில் கேவண்டிஷ் தன் எரியும் காற்றையும் பிரீஸ்ட்லியின் காற்றையும் கண்ணாடிக் குடுவையில் சேர்த்து மின்பொறி கொடுத்தார். குடுவைக்குள் பனித்துளி. நிறுத்துப் பார்த்தார், ருசித்துப் பார்த்தார். சுத்தமான தண்ணீர். மனித சரித்திரத்தில் தண்ணீரைக் கட்டிச் சேர்த்தவர் என்ற பெருமையை எடுத்துக்கொள்ளாமல், அந்தக் காற்றுகளுக்குள் தண்ணீர் ஏற்கெனவே ஒளிந்திருந்தது, ஃப்ளோஜிஸ்டன் இடம் மாறியதும் வெளியே வந்தது என்று விளக்கம் சொன்னார். அதையும் உடனே அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1783 ஜூனில் அவருடைய உதவியாளர் பிளாக்டன் பாரிஸ் போனார். போன இடத்தில் வாயைத் திறந்தார். லவாய்சியே ஜூன் 24 அன்று அதே சோதனையைச் செய்து, மறுநாளே அகாடமியில் அறிவித்துவிட்டார்: தண்ணீர் தனிமமல்ல, சேர்மம். இங்கிலாந்தில் நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட் எழுந்து, இதை நான் ஏப்ரலிலேயே கடிதத்தில் எழுதிவிட்டேன் என்றார். ஆக, இரண்டாயிரம் வருஷம் யாரும் சந்தேகப்படாத தண்ணீருக்குத் திடீரென்று மூன்று உரிமையாளர்கள். அவர்கள் காலமான பிறகும் அந்த வழக்கைப் பேரப்பிள்ளை தலைமுறை நடத்தியது.

லவாய்சியே அடுத்து, பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழாய்க்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இரும்பு ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு துருப்பிடித்தது, மறுமுனையில் ஹைட்ரஜன் வந்தது. சேர்த்தும் காட்டியாயிற்று, பிரித்தும் காட்டியாயிற்று. 1789இல் தனிமங்களின் பட்டியல் ஒன்றைப் போட்டார். மொத்தம் 33. தண்ணீர், காற்று, மண் மூன்றுக்கும் பட்டியலில் இடமில்லை. நெருப்பை மட்டும் அவராலும் விட முடியவில்லை. வெளிச்சம், ‘கலோரிக்’ என்ற வெப்பச் சாறு என்று இரண்டு பெயரில் முதல் வரிசையிலேயே உட்கார்த்திவைத்தார்.

அதே வருஷம் பிரெஞ்சுப் புரட்சி. வரி வசூல்காரர்களைப் புரட்சிக்கு எந்த நாட்டிலும் பிடிக்காது. பாரிஸைச் சுற்றி வரி மதில் எழுப்பியதிலும் லவாய்சியேவுக்குக் கை இருந்தது. நெருப்பைப் பற்றி மாரா என்பவர் எழுதிய ஆராய்ச்சியை ஒருகாலத்தில் அவர் ஏளனமாக ஒதுக்கியிருந்தார். அந்த மாரா இப்போது புரட்சிப் பத்திரிகை ஆசிரியர். விமர்சகர்கள் இதைக் கவனிக்கவும். 1794 மே 8 அன்று, மாமனார் உட்பட மற்ற வரிக்காரர்களோடு சேர்த்து லவாய்சியேவின் தலையையும் எடுத்தார்கள். பிரீஸ்ட்லியின் கதி வேறு. புரட்சியை ஆதரித்தார் என்பதற்காக 1791இல் பர்மிங்ஹாமில் கும்பல் அவர் வீட்டைக் கொளுத்தியது. அமெரிக்காவுக்குப் போய், 1804இல் கண்ணை மூடும்வரை ஃப்ளோஜிஸ்டனைக் கைவிடவில்லை. ஆக்ஸிஜனைக் கண்டுபிடித்தவருக்குக் கடைசிவரை ஆக்ஸிஜனில் நம்பிக்கை இல்லை.

லவாய்சியேவின் மனைவி மரி ஆன் பதின்மூன்று வயதில் கல்யாணமாகி வந்தவர். புருஷனுக்காக இங்கிலீஷ் படித்து மொழிபெயர்த்து, சோதனைக்கூடப் படங்களையெல்லாம் வரைந்து கொடுத்தவர். பிற்பாடு 1805இல் ரம்ஃபோர்ட் பிரபுவை மறுமணம் செய்துகொண்டார். யார் இந்த ரம்ஃபோர்ட்? வெப்பம் ஒரு பொருளே அல்ல என்று பீரங்கிக் குழாயைக் குடைந்து காட்டி, முதல் புருஷனின் கலோரிக்கைக் கவிழ்த்தவர். குடித்தனம் எப்படி நடந்திருக்கும்? ஒருநாள் அம்மையார் வரவழைத்திருந்த விருந்தாளிகளை உள்ளே விடாதபடி ரம்ஃபோர்ட் வாசற்கதவைப் பூட்டிவிட்டார். அம்மையார் நேரே போய், ரம்ஃபோர்ட் ஆசையாக வளர்த்த பூச்செடிகளுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார். வெப்பம் பொருளா, அசைவா என்ற விவாதத்தில் செடிகள் என்ன சொல்லியிருக்கும் என்று தெரியவில்லை. 1809இல் பிரிந்துவிட்டார்கள்.

சரி, தண்ணீர் இரண்டு பொருள் சேர்ந்தது. எத்தனைக்கு எத்தனை? 1800இல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் புதிதாக வந்த வோல்டாவின் மின்கலத்தைத் தண்ணீரில் இணைத்தார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன், மறு கம்பியில் ஆக்ஸிஜன். அளந்தால் இரண்டுக்கு ஒன்று. பதில் குமிழி விட்டுக்கொண்டு மேலே வந்தது. பதிலைப் பார்க்காமலேயே கடந்துபோகத் தகுதியான ஒருவர் தேவைப்பட்டார். மான்செஸ்டரிலிருந்து வந்தார்.

ஜான் டால்டன் நெசவாளி மகன், குவேக்கர் சமயம், கல்யாணம் கிடையாது. பன்னிரண்டு வயதில் பள்ளி வாத்தியார் வேலைக்குப் போனவர். வியாழக்கிழமை மத்தியானம் என்றால் மைதானத்தில் பந்து உருட்டப் போய்விடுவார். மழை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், சூடு எத்தனை என்று 57 வருஷம் தினமும் நோட்டில் எழுதினார். மான்செஸ்டரில் தினமும் வானிலை எழுதுவதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும், மழை என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். அவருக்கு நிறக்குருடு. அம்மாவுக்கு அடக்கமான நிறத்தில் பட்டுக் காலுறை என்று வாங்கிக்கொண்டு போனார், அது செக்கச்செவேல் என்றிருந்தது என்று ஒரு கதை உண்டு. குவேக்கர் கிழவி சிவப்பில் காலுறை போட்டுக்கொண்டு தேவாலயம் போவதாவது! நிறக்குருடு பற்றி 1794இல் முதலில் விரிவாக ஆராய்ந்து பேசியவர் இவரே. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும், அதனால்தான் சிவப்பு தெரியவில்லை என்பது கொள்கை. நான் செத்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தார். பார்த்தார்கள். நீலம் கிடையாது, தெள்ளத்தெளிவு. கண்ணைத் தூக்கிப்போடாமல் பத்திரப்படுத்தினார்கள். 1995இல் அதிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்து, பச்சையை உணரும் பகுதிதான் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். செத்து 150 வருஷம் கழித்தும் சோதனைக்கு உட்கார்ந்த விஞ்ஞானி.

வானிலையில் ஆரம்பித்தவர், காற்றில் ஈரம் எப்படித் தங்குகிறது என்று யோசித்து யோசித்து அணுவுக்கு வந்து சேர்ந்தார். 1808இல் புத்தகமாகவே போட்டார். ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை. வேறு தனிமம் என்றால் வேறு எடை. சேரும்போது முழு எண்ணிக்கையில்தான் சேரும். இந்த முழு எண்ணிக்கைக்குப் பின்னால், சேர்மத்தில் விகிதம் மாறவே மாறாது என்று ஸ்பெயினில் உட்கார்ந்துகொண்டு பெர்தொலே என்ற வேதியியலரோடு எட்டு வருஷம் மல்லுக்கு நின்ற புரூஸ்ட்டின் உழைப்பும் இருந்தது. டெமாக்ரிட்டஸும் ஆசீவகரும் வாயால் சொன்ன அணுவுக்கு டால்டன்தான் எடை போட்டார். இது சாதாரண வேலையில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தராசில் வைத்த தைரியத்துக்காக அவருக்கு ஏழு கொலை மன்னிக்கலாம்.

முதல் கொலை, தண்ணீர். எடை தெரிய வேண்டுமானால் எத்தனை அணு என்று தெரிய வேண்டும். எத்தனை அணு என்று தெரிய வேண்டுமானால் எடை தெரிய வேண்டும். இந்தச் சிக்கலை டால்டன் ஒரே வெட்டில் தீர்த்தார்: இரண்டு தனிமங்களுக்கிடையில் ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும் என்றால், ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள். ஏன்? எளிமையாக இருக்கிறது, அதனால். ஆகவே தண்ணீர், எச்ஓ. ஹைட்ரஜன் எடை 1, ஆக்ஸிஜன் எடை 7. (சரியாக நிறுத்திருந்தால் அந்தக் கணக்கில் 8 வந்திருக்கும். மனுஷன் சோதனையில் அவ்வளவு கெட்டிக்காரரில்லை.) ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு நிஜமாகப் பொருந்துகிற ஹைட்ரஜன் பெராக்ஸைடை தெனார் கண்டுபிடித்தது 1818இல். அதைக் குடித்தால் தாகம் தீராது, வேறு எல்லாம் தீரும்.

அதே 1808இல் பாரிஸில் கே-லுஸாக் என்பவர் வாயுக்களை அளந்து பார்த்தார். பலூனில் தனியாக ஏழாயிரம் மீட்டர் ஏறிக் காற்றைப் புட்டியில் பிடித்து வந்த ஆசாமி, அளவில் ஏமாறமாட்டார். இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்ஸிஜன், கிடைப்பது இரண்டு பங்கு நீராவி என்றார். டால்டனுக்கு ஆதரவாக வந்த சாட்சி என்றுதான் ஊர் நினைத்தது. டால்டன் அதை எதிரியாகப் பார்த்தார். சரியாக இரண்டெல்லாம் கிடையாது, நான் அளந்ததில் 1.97தான் வந்தது என்றார். 0.03ஐப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. சம பங்கில் சம எண்ணிக்கை என்று ஒப்புக்கொண்டால், ஒரு ஆக்ஸிஜன் இரண்டு நீராவிக்குள் போக வேண்டும். அணுவை வெட்டக் கூடாது. அண்ணன் தம்பி இருவர், வீட்டில் மாடு ஒன்று, பாகம் பிரிப்பது எப்படி என்ற வழக்கு. தூரின் நகரத்து வக்கீல் ஒருவர் 1811இல் தீர்ப்பு சொன்னார்: அது ஒற்றை மாடில்லை, நுகத்தடியில் பூட்டிய ஜோடி, அவிழ்த்து ஆளுக்கொன்றாக ஓட்டிக்கொண்டு போங்கள். ஆக்ஸிஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன, ஹைட்ரஜனிலும் அப்படியே, பிளப்பது அணுவை அல்ல, மூலக்கூறை. தண்ணீர் எச்2ஓ. முடிந்தது.

வக்கீலின் முழுப்பெயர் லொரென்ஸோ ரொமானோ அமேதெயோ கார்லோ அவகாட்ரோ, குவாரெஞ்ஞா மற்றும் செரெட்டோ பிரபு. இருபது வயதில் திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெயரைப் படித்து முடிப்பதற்குள் ஐரோப்பாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஐம்பது வருஷம் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே மாதிரி அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், ஜோடி சேராது என்றார் டால்டன். ஒரே மின்சாரம் உள்ளவை எப்படி ஒட்டும் என்றார் ஸ்வீடனின் பெர்ஸீலியஸ்.

பெர்ஸீலியஸ் அன்றைய வேதியியல் உலகத்தின் நாட்டாமை. தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு கொடுத்தவர். டால்டன் வட்டத்துக்குள் புள்ளி, வட்டத்துக்குள் கோடு என்று கோலம் போட்டுக்கொண்டிருந்தார், அச்சுக்கோப்பவர்கள் பெர்ஸீலியஸை வாழ்த்தியிருப்பார்கள். அவருடைய சோதனைக்கூடத்துக்கு ஓரளவு உதவியாளர், சமையல்காரி அன்னாதான். பாத்திரம் கழுவும்போது ஒருநாள், இதில் ஆக்ஸிஜனேறிய மியூரியாட்டிக் அமில நாற்றம் அடிக்கிறதே என்றாள். பெர்ஸீலியஸ் பல வருஷம் எதிர்த்துவிட்டு அப்போதுதான் அந்த வாயு ஒரு தனிமம் என்று ஒத்துக்கொண்டிருந்தார். இனிமேல் அப்படிச் சொல்லாதே அன்னா, குளோரின் என்று சொல், அதுதான் நல்லது என்றார். ஒரு கொள்கையின் தோல்வி பாத்திரம் துலக்கும் தொட்டியருகே அறிவிக்கப்பட்டது.

அவகாட்ரோவைக் கேட்காததன் பலன், 1850களில் ஆளுக்கொரு தண்ணீர். சிலருக்கு எச்ஓ, சிலருக்கு எச்2ஓ. காடி அமிலத்துக்குப் புழக்கத்திலிருந்த சூத்திரங்களை கெகூலே என்ற வேதியியலர் தன் பாடநூலில் வரிசையாக அடுக்கினார், பத்தொன்பது வந்தது. இது சரிப்படாது என்று அவரும் சிலரும் சேர்ந்து 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் மகாநாடு கூட்டினார்கள். நூற்று நாற்பது பேர் போல வந்தார்கள். மூன்று நாள் பேசினார்கள். மூலக்கூறு என்றால் என்ன, அணு என்றால் என்ன என்று சண்டை. சிசிலிக்காரர் கன்னிஸாரோ எழுந்து, ஐயா, எங்கள் ஊர் அவகாட்ரோ இதையெல்லாம் 1811லேயே தீர்த்துவிட்டார் என்று முழங்கினார். அவகாட்ரோ செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இதற்கெல்லாம் ஓட்டெடுப்பு நடத்த முடியாது, அவரவர் மனசாட்சிப்படி எழுதிக்கொள்ளுங்கள் என்று மகாநாடு கலைந்தது.

கலையும்போது கன்னிஸாரோவின் நண்பர் பவேஸி, அவருடைய சிறு பிரசுரம் ஒன்றை வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்றாகத் திணித்தார். மகாநாட்டில் கொடுக்கும் பிரசுரத்தை யார் படிக்கிறார்கள்? லோதர் மேயர் படித்தார். கண்ணிலிருந்து செதில் உதிர்ந்தது என்று எழுதினார். கூட்டத்தில் மெண்டலீவ் என்ற ரஷ்ய இளைஞரும் இருந்தார். ஒன்பது வருஷம் கழித்து அவர் தனிமங்களைக் கட்டம் போட்டு அடுக்கினார் என்றால், அணு எடைகள் அங்கே நேரானதால்தான்.

எல்லோரும் நேராகிவிடவில்லை. பிரான்ஸில் மார்சலின் பெர்தலோ என்ற பெரிய வேதியியலர், அணுவை யார் பார்த்தது என்று கேட்டுக்கொண்டு பழைய எச்ஓ கட்சியிலேயே இருந்தார். 1886இல் அவரையே கல்வி அமைச்சராக்கினார்கள். லவாய்சியே தண்ணீரை உடைத்துக் காட்டிய அதே நாட்டில், 1890கள் நெருங்கும்வரை பள்ளிப் பையன்கள் தண்ணீருக்கு எச்ஓ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள், மந்திரி சொல்லும்போது வாத்தியார் தப்பு போட முடியுமா?